பிக்பூல் வெள்ளை ஒயின்: நம்மூர்ச் சாப்பாட்டுல எதுக்கு செட்டாகும்?

கூடல்நகர்_காரன்

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். என் மச்சினன் பிரான்ஸ்ல மான்பெலியே பக்கம் வேலை பாக்குறான், லீவுக்கு வந்தவன் அங்கன சூப்பர் மார்க்கெட்லயே ரெண்டு பாட்டில் வெள்ளை ஒயின் வாங்கி, பெட்டில ஜீன்ஸ் பேண்ட்டுக்குள்ள சுத்தி உடையாம கொண்டாந்துட்டான். லேபிள்ல பிக்பூல் டி பினேன்னு போட்ருக்கு. பச்சைக் கலர் பாட்டில், ஒல்லியா உசரமா இருக்கு, கழுத்துக்கிட்ட கண்ணாடிலயே ஒரு சிலுவை முத்திரை. "அங்க எல்லாரும் இத வேக வைக்காத பச்சைச் சிப்பியோட தான் மாமா குடிப்பாங்க"ங்கறான். மதுரைல பச்சைச் சிப்பிக்கு நான் எங்கிட்டுப் போறது.

வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் வீட்ல பங்காளிக ஏழு பேரு கூடுறோம். மெனு ஏற்கனவே பேசியாச்சு: அயிரை மீன் குழம்பு, மட்டன் சுக்கா, எலும்பு ரசம், அப்புறம் கறி தோசை. ஒருத்தர் மட்டும் சைவம். இதுல எது கூட அந்த ஒயின் ஒத்துப் போகும், எம்புட்டு ஜில்லுன்னு குடுக்கணும், கடைசியா இதே மாதிரி சரக்கு இங்க கெடைக்குமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் பீர் கோஷ்டி, ஒயின் பத்தி சுத்தமா தெரியாது. "குடி குடியைக் கெடுக்கும்"னு மட்டும் யாரும் வந்து எழுதாதீங்க, பாட்டில்லயும் போட்ருக்கு டாஸ்மாக்லயும் போட்ருக்கு.

கப்பல்_சமையல்

தம்பி, நல்ல சரக்கு தான் கொண்டாந்துருக்காரு உங்க மச்சினன். நான் வருசக்கணக்கா கப்பல்ல சமையக்கட்டுல இருந்தவன், இப்ப திருநகர்ல செட்டில், அந்தக் கடற்கரைப் பக்கம் எறங்கி சாப்ட்டும் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல அது என்ன ஒயின்னு தெரிஞ்சா எதோட சேரும்னு தானா வெளங்கிரும். பிரான்ஸோட தெக்கு ஓரம், லாங்டாக்னு ஏரியா, அங்க தோன்னு ஒரு பெரிய உப்புத்தண்ணிக் காயல் இருக்கு, கடலுக்கும் அதுக்கும் நடுவுல ஒல்லியா ஒரு மணல் திட்டு தான். காயலுக்குள்ள வரிசையா கம்பம் நட்டு கயித்துல சிப்பி வளக்குறாங்க, பூசிக்னு ஒரு ஊரு அந்தச் சிப்பிக்கே பேர் போனது. காயல்ல இருந்து கொஞ்சம் மேடேறுனா திராட்சைத் தோட்டம். பினே, மேஸ், ஃப்ளோரன்சாக்னு மொத்தம் ஆறு ஊருல வெளையறது மட்டும் தான் இந்தப் பேரைப் போட்டுக்கலாம், அதுவும் பிக்பூல்ங்கற ஒரே திராட்சைல தான் செய்யணும், வேற திராட்சை ஒரு சொட்டு கலக்கக் கூடாது, செவப்பு ஒயினுக்கு இந்தப் பேரே கெடையாது. 2013ல இருந்து இதுக்குன்னு தனி அந்தஸ்து குடுத்துட்டாங்க, நம்ம மதுரை மல்லிக்கு புவிசார் குறியீடு இருக்குல்ல, அந்த வகை.

இந்தத் திராட்சையோட விசேஷம் என்னன்னா வெயில்ல காஞ்சாலும் புளிப்பை விடாது. அந்தப் பக்கமும் நல்ல வெயில் ஊரு தான். மத்த திராட்சை எல்லாம் அந்தச் சூட்டுல இனிப்பாகி புளிப்பு எறங்கிரும், இது லேட்டா பழுக்கும், பழுத்தாலும் எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி ஒரு சுருக்கு இருக்கும். பெரும்பாலும் ஸ்டீல் டேங்க்ல கூலிங் குடுத்து நொதிக்க விட்டு, மரப்பீப்பா வாசமே படாம, அடுத்த வருசமே பாட்டில்ல அடைச்சு வித்துருவாங்க. ஆல்கஹால் 12லருந்து 13 சதவீதத்துக்குள்ள. வாய்ல வச்சா எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கடைசில லேசா ஒரு உப்புக் கரிப்பு. இனிப்பு கெடையாது. மொதல் தடவ குடிக்கற ஆளு "என்னண்ணே புளிக்குது"ம்பாரு, அப்படித்தான் இருக்கணும்.

இப்ப உங்க மெனு. அயிரை மீன் குழம்பை இந்த ஒயின்கிட்ட கொண்டு போகாதீங்க. காரணம் புளி. சாப்பாட்டுல இருக்கற புளிப்பு ஒயின்ல இருக்கறத விட தூக்கலா இருந்தா ஒயின் செத்துப் போயிரும், வெறும் தண்ணி மாதிரி சப்புனு ஆயிரும். நம்ம வீட்டுக் குழம்புல ஒரு எலுமிச்சை அளவு புளி, தக்காளி, வரமொளகா, மல்லின்னு போகும், அது முன்னாடி எந்த ஒயினும் நிக்காது. அயிரைய தண்ணி கலந்த தேங்காப் பால்ல உசுரோட நீந்த விட்டு மண்ணைக் கக்க வச்சு அம்புட்டு வேலை பாத்து வச்ச குழம்பு, அதுக்கு சுடுசோறு இருந்தா போதும், ஒயின் எதுக்கு.

மட்டன் சுக்காவும் இதுக்கு இல்ல. மெளகு, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிக் கொழுப்பு எல்லாம் சேந்து ஒயினை அமுக்கிரும். அதோட நல்ல காரத்துக்கு மேல ஆல்கஹால் பட்டா எரிச்சல் கூடத்தான் செய்யும், கொறையாது.

இது வேலை செய்யற எடம் பொரிச்சது, உப்பு, கடல் சமாச்சாரம். எண்ணெய்ல பொரிச்ச பொருளுக்கு மேல எலுமிச்சை புழியறோம்ல, அந்த வேலைய இந்த ஒயின் பாத்துரும். உப்புப் பட்டா ஒயினோட புளிப்பும் மட்டுப்படும், பழ வாசம் மேல வரும். நெத்திலி, கணவாய், எறால் இதுல எது கெடைக்குதோ அதை வாங்குங்க.

கணவாய் செய்யற பக்குவம் சொல்றேன். வளையம் வளையமா ஒரு வெரல் மொத்தத்துக்கு நறுக்கி, துணில ஒத்தி ஒத்தி ஈரத்த சுத்தமா எடுத்துருங்க, இது தான் முக்கியம், ஈரம் இருந்தா எண்ணெய் வெடிச்சு மூஞ்சில அடிக்கும், மாவும் ஒட்டாது. அரிசி மாவு ரெண்டு பங்கு, கான்ப்ளவர் ஒரு பங்கு, உப்பு, ஒன்னு ரெண்டா இடிச்ச மெளகு, அம்புட்டு தான். மொளகாத் தூள் வேணாம், கரம் மசாலா வேணவே வேணாம். கடலெண்ணெய் நல்லா காஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒன்னரை நிமிசத்துல எடுத்துரணும், செவக்கட்டும்னு காத்திருந்தா செருப்புத் தோல் ஆயிரும். எறக்குன ஒடனே உப்பு தூவி அப்படியே தட்டுக்குப் போகட்டும்.

பைபாஸ்_பார்த்தி

அண்ணே இம்புட்டு ரூல்ஸா. ரெண்டு ஐஸ் கட்டி போட்டு, பத்தலைன்னா கொஞ்சம் ஸ்ப்ரைட் ஊத்தி அடிச்சா எல்லாத்துக்கும் செட்டாகும். போன தீபாவளிக்கு ஒருத்தன் குடுத்த ஒயினை நாங்க அப்படித்தான் முடிச்சோம், கூட தொட்டுக்க எண்ணெய் பரோட்டா.

கப்பல்_சமையல்

பார்த்தி, ஸ்ப்ரைட் ஊத்தறதுன்னா அதுக்கு எதுக்குய்யா பிரான்ஸ்ல இருந்து ஜீன்ஸ்க்குள்ள சுத்திக் கொண்டாரணும்.

மீன்கடை_மாட்டுத்தாவணி

எனக்குக் குடிப் பழக்கம் இல்ல, அதனால ஒயின் பத்தி வாய தெறக்கல, மீன் பத்தி மட்டும் சொல்றேன். அண்ணன் கணவாய் எறால்னு அடுக்குறாரு, இப்ப தடைக்காலம் ஓடுதுன்னு மறந்துராதீங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளைக்கு நம்ம கெழக்குக் கடல்ல விசைப்படகு எறங்காது, ராமேஸ்வரம் பாம்பன் தூத்துக்குடி எல்லாம் நாட்டுப்படகு சரக்கு தான். வரத்து கம்மி, வெலை ஏறித்தான் இருக்கும். மேக்குக் கடல்ல தடை ஜூன்ல தான் ஆரம்பம்ங்கறதால இப்ப வர்ற பெரிய கணவாய் நெறையா கேரளாப் பக்கம் இருந்து வர்றது, ஐஸ்ல ரெண்டு மூணு நாள் கெடந்து வரும்.

கணவாய் வாங்குறப்ப தோலோட பாத்து வாங்குங்க. புதுசுன்னா மேல்தோல் செங்காவி புள்ளி புள்ளியா பளபளன்னு இருக்கும், உள்சதை வெள்ளையா கண்ணாடி மாதிரி லேசா ஒளி விடும். சதை ரோஸ் கலர் அடிச்சுப் போயிருந்தா பழசு, எம்புட்டு கம்மி வெலைக்குக் குடுத்தாலும் வேணாம். தோல் உரிச்சு வெள்ளையா வச்சுருக்கறத வாங்குனா உங்களுக்கு எதுவுமே தெரியாது.

என் கணக்குக்கு இந்த வாரம் நெத்திலி தான் சரி, அது நாட்டுப்படகுலயே வரும். வயிறு உடையாம வெள்ளிக் கோடு அழியாம இருக்கணும். தலையக் கிள்ளும்போது கொடலும் சேந்து வந்துரும், தனியா கழுவ வேண்டிய வேலை இல்ல. ஏழு பேருக்குத் தொட்டுக்கன்னா ஒன்னரை கிலோ வாங்குங்க, தலை கிள்ளிக் கழிஞ்சு போறது போக கரெக்டா இருக்கும்.

சொக்கிகுளம்_அக்கா

நான் சமையல் பண்றவ, அதுக்காக ஒயின் தெரியாதுன்னு நெனைச்சுராதீங்க, என் மக பாண்டிச்சேரில இருக்கா, போறப்பல்லாம் ஏதாவது ஒன்னு ஊத்திக் குடுத்து "இதுக்கு என்ன சேரும் சொல்லும்மா"ன்னு பரிச்சை வைப்பா.

கப்பல் அண்ணன் சொன்னதுல முக்கால்வாசி சரி. ஆனா மீன் குழம்பே ஆகாதுன்னு ஒரேயடியா தள்ளுறத நான் ஒத்துக்க மாட்டேன். புளி ஊத்துன குழம்புக்குத்தான் ஆகாது. புளி இல்லாம சொதி வைங்க. பாறையோ நகரையோ, முள்ளு கம்மியான மீனா வாங்கி, மூணாம் பால்ல பச்சமொளகா ரெண்டா கீறிப் போட்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், மஞ்சள் ஒரு சிட்டிகை, மீன் வெந்ததும் மொதப் பால் ஊத்தி நொரை கட்டறப்ப எறக்கிருங்க, எலுமிச்சை ரெண்டு சொட்டு போதும். எடியாப்பத்தோட அந்தச் சொதி, பக்கத்துல இந்த மாதிரி புளிப்பு ஒயின், தேங்காப் பாலோட கொழகொழப்ப ஒவ்வொரு வாய்க்கும் தொடச்சு விட்டுரும், அடுத்த வாய் மறுபடி மொத வாய் மாதிரி இருக்கும். அயிரை தான் வேணும்னு அடம் புடிக்கறவங்களுக்கு அதை கடைசில சோத்தோட போடுங்க, அப்ப கிளாஸ எடுத்து வச்சுருங்க.

கறி தோசை பத்தி யாரும் சொல்லல. அது நடுவாந்தரம். கீழ தோசை, நடுவுல முட்டை, மேல கொத்துக்கறின்னு மூணு அடுக்கு, முட்டையும் நெய்யும் ஒயினுக்கு நல்லது, கொத்துக்கறி மசாலா தான் எடைஞ்சல். கறிய வேக வைக்கறப்ப மொளகாத் தூளப் பாதியாக்கி மெளகும் சோம்பும் போட்டு எறக்கிப் பாருங்க, சால்னா ஊத்தாம வெறுமனே பிச்சுத் திங்கிற மாதிரி. எங்க வீட்ல அப்படிச் செஞ்சா புள்ளைங்க "அம்மா இது கறி தோசையே இல்ல"ங்கும், அது வேற விசயம்.

நெத்திலிய நல்லெண்ணெய்ல பொரிக்காதீங்க. நல்லெண்ணெய் வாசம் சுக்காவுக்கு அழகு, இந்த ஒயினுக்கு மேல ஏறி உக்காந்துக்கும். கடலெண்ணெய் இல்லைன்னா தேங்காயெண்ணெய். பொரிச்ச கருவேப்பிலை மேல தூவுங்க, அது நல்லா இருக்கும்.

சைவக்காரருக்கு: உளுந்த வடையும் தேங்காச் சட்னியும், சட்னில புளி வைக்காம. இல்லைன்னா வெண்பொங்கல். சிரிக்காதீங்க, நெய், மெளகு, முந்திரி, உப்பு, காரமே இல்ல, புளிப்பே இல்ல, இதை விட எந்தச் சாப்பாடு அந்த ஒயினுக்கு எடம் விட்டுக் குடுக்கும்? சாம்பார் மட்டும் பக்கத்துல வைக்காதீங்க. வாழைக்காய் பஜ்ஜியும் ஓகே, பெருங்காயத்தக் கொறைச்சுக்கங்க.

வடக்குமாசி_வாசு

சைவத்துல கொடைக்கானல் சீஸ் விட்டுட்டீங்களே அக்கா. அங்கருந்து மதுரைக்கு வர்றது சாதாரணமா கெடைக்குது, அதுல ரொம்ப முத்தாத மெதுவான வகைய வாங்கி, மெளகு தூவி உப்பு பிஸ்கட் மேல வச்சா ஏழு பேருக்கு ஸ்டார்ட்டர் முடிஞ்சது. கூட வெறும் உப்பு போட்ட உருளைக்கெழங்கு சிப்ஸ். காரச் சேவு வேணாம். நான் உப்பு முறுக்கோடவே வெள்ளை ஒயின் குடிப்பேன், நல்லாத்தான் இருக்கு, யாரும் வந்து கேஸ் போடல.

அப்புறம் ஒன்னு, ஜிகர்தண்டா வாங்கி வச்சுட்டு அதோட ஒயினை எடுத்துராதீங்க. இனிப்பச் சாப்ட்ட வாய்ல இந்த ஒயின் பட்டா வெறும் புளிப்பா தெரியும், ஆளுங்க மூஞ்சி போற போக்க பாக்கணும். ஜிகர்தண்டா எல்லாம் முடிஞ்சு சாயங்காலம்.

கூடல்நகர்_காரன்

ஆத்தாடி, ஒரு நாள் தான் ஆச்சு இம்புட்டு எழுதியிருக்கீங்க. சுக்காவ தனியா ரெண்டாவது ரவுண்டுக்குத் தள்ளிட்டேன், அதுக்கு பங்காளிகளுக்கு பீர் இருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட சொதின்னு சொன்னதும் "ஒரு பாட்டிலுக்காக மெனுவையே மாத்துவீங்களா"ன்னு ஒரு பார்வ பாத்தா, ஆனா தம்பி கொண்டாந்ததுங்கறதால தப்பிச்சேன்.

இன்னும் சில டவுட். எம்புட்டு கூலிங்? பாட்டில் இப்ப பரண்ல இருக்கு, வீட்ல மத்தியானம் வெந்துக்கிட்டு இருக்கு. சிப்பிய விட்டா அங்க வேற என்னத்தோட குடிப்பாங்க? இதே மாதிரி இங்க கெடைக்குமா? அப்புறம் கம்பம் பக்கமே இம்புட்டு திராட்சை வெளையுதே, அதுல இப்படி ஒன்னு பண்ண முடியாதா?

கப்பல்_சமையல்

பரண்ல இருந்து மொதல்ல எறக்குய்யா! சித்திரை வெயில்ல பரண் அடுப்பு மாதிரி இருக்கும், ஒயின் அதுல வெந்துரும். இந்த வகை ஒயினை அடைகாத்து வைக்கறதும் கெடையாது, லேபிள்ல இருக்கற வருசத்துல இருந்து ஒன்னு ரெண்டு வருசத்துக்குள்ள குடிச்சிரணும், பழசாக பழசாக நல்லா ஆகுற ஜாதி இது இல்ல. இப்பவே ப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல படுக்க வைங்க.

குடுக்கறப்ப 8லருந்து 10 டிகிரி இருந்தா அருமை. ப்ரிட்ஜ் உள்ள 4, 5 டிகிரி இருக்கும், அப்ப எடுத்தா வாசமே தெரியாது, ஆனா நம்மூரு சூட்டுக்கு வெளில எடுத்து வச்ச பத்து நிமிசத்துலயே சரியாயிரும், அதுக்கப்புறம் வேகமா சூடேறும். அதனால மேசைல ஒரு வாளி வைங்க. வாளில வெறும் ஐஸ் போட்டா பாட்டிலைச் சுத்தி காத்து தான் நிக்கும், பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கைப்பிடி கல்லுப்பு. ப்ரிட்ஜ்ல வைக்க மறந்து போயிருந்தாலும் அந்த உப்பு ஐஸ் தண்ணில இருவது நிமிசத்துல ஜில்லுன்னு ஆயிரும். கிளாஸ்ல கால்வாசிக்கு மேல ஊத்தாதீங்க, கொஞ்சமா ஊத்திக் குடிச்சுட்டு மறுபடி ஊத்துங்க, இல்லைன்னா கையிலயே காஞ்சிரும். 750 மில்லி பாட்டில்ல அஞ்சு கிளாஸ் வரும், ரெண்டுக்கு பத்து, ஏழு பேருக்கு ஆளுக்கு ஒன்னு, மிச்சம் மூணுக்கு சண்டை. எவர்சில்வர் டம்ளர் வேணாம், கண்ணாடி எதுவா இருந்தாலும் சரி.

பார்த்தி சொன்ன ஐஸ் கட்டிக்கு பதிலா திராட்சைய உதிர்த்து ப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சு கிளாஸுக்கு நாலு போடுங்க, கரைஞ்சு தண்ணியாகாது.

அங்க அவங்க சிப்பிக்கு அடுத்து தின்னறது செத்ங்கற துறைமுக ஊருல தியெல்னு ஒரு பதார்த்தம். பேய்க்கணவாய, அதான் ஆக்டோபஸ், பொடிசா நறுக்கி தக்காளி, கொஞ்சம் காரம் போட்டு வதக்கி, வட்டமா மாவுக்குள்ள வச்சு மூடி சுட்டது, பாக்கறதுக்கு செங்காமட்டை கலர்ல இருக்கும், கைல எடுத்து நடந்துக்கிட்டே திங்கலாம். அதுல காரம் இருந்தும் ஒயின் நிக்குது, ஏன்னா காரம் கொஞ்சம், மாவு நெறைய. நம்ம ஊருல அதுக்குப் பக்கத்துல வர்றது எதுன்னு யோசிச்சா, மெஸ்ல போடற நண்டு ஆம்லெட். நண்டுச் சதை, முட்டை, வெங்காயம், மெளகு. ஞாயித்துக்கிழமைக்கு முடிஞ்சா அதையும் ஒன்னு போடுங்க, எனக்கு நெத்திலிய விட அது மேல தான் நம்பிக்கை.

மீனுக்கு செவப்பு ஒயின் ஏன் ஒத்துக்கறதில்லன்னு கேப்பீங்க, அதையும் சொல்லிடறேன். செவப்பு ஒயின்ல இரும்புச் சத்து கொஞ்சம் கூட இருந்தா மீன் எண்ணெயோட சேந்து ஒரு கவுச்சி வாடைய கெளப்பி விட்டுரும், வாய்ல காசு வச்ச மாதிரி இருக்கும். நெத்திலி மத்தி மாதிரி எண்ணெய் மீனுக்கு அது இன்னும் மோசம். வெள்ளைல அந்தத் தொந்தரவு ரொம்பக் கம்மி.

இங்க கெடைக்கறதுன்னு பாத்தா பிக்பூல் தேடி அலையாதீங்க. நாசிக்ல செய்யற சாவின்யோன் ப்ளாங்ங்கற வெள்ளை ஒயின் வாங்குங்க, சூலா கம்பெனிக்காரங்க 2000ல மொத மொத வித்தது, அப்புறம் நெறைய பேரு செய்யறாங்க. பிக்பூல விட பச்சைப் புல்லு வாசம் கூடுதலா இருக்கும், கொய்யாக்கா மாதிரி ஒரு மணம் வரும், ஆனா புளிப்பும் சுருக்கும் அதே பாணி. டாஸ்மாக் எலைட் கடைல கேட்டுப் பாருங்க, இருக்குற அன்னைக்கு இருக்கும். காரமாத்தான் சாப்டுவேன்னு நிக்கற ஆளுன்னா அதே ஊரு செனின் ப்ளாங், சூலாவோடது லேசா இனிப்பு வச்சுருப்பாங்க, அந்த இனிப்பு காரத்த அடக்கும். கொத்து பரோட்டாவுக்கு ஒயின் வேணும்னா அது தான். வெளிநாட்டுக்குப் போறவங்க இருந்தா போர்ச்சுகல் வினோ வெர்டே கொண்டாரச் சொல்லுங்க, ஆல்கஹால் கம்மி, சிலதுல நாக்குல சுர்ருன்னு லேசா காஸ் இருக்கும், சுட்ட மத்தி மீனோட அடிச்சுக்க ஆளே கெடையாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் டூட்டி இல்லாம கொண்டாரலாம்.

சின்னமனூர்_தோட்டம்

கம்பம் பத்திக் கேட்டுருக்காரு, எங்க பக்கம்ங்கறதால சொல்றேன். எங்க பள்ளத்தாக்குல பெரும்பாலும் பன்னீர் திராட்சை, வெளிநாட்டுப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். 2023ல புவிசார் குறியீடு கெடைச்சது. 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டாந்தாருன்னு சொல்றாங்க, அப்படிப் பாத்தா உங்க பாட்டிலும் எங்க கொடியும் ஒரே நாட்டுச் சொந்தம். மத்த எடத்துல வருசத்துக்கு ஒரு வெள்ளாமை, இங்க கவாத்து, அதான் கொடிய வெட்டி விடறது, பண்ற கணக்கப் பொறுத்து வருசம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் வந்தா எந்த மாசமும் கொடில காய் பாக்கலாம்.

கருப்புப் பழத்துலயும் வெள்ளை ஒயின் செய்யலாம், கலர் தோல்ல தான இருக்கு, நசுக்குன ஒடனே தோல வடிச்சுட்டா சாறு வெளுப்பா வந்துரும். பிரச்சினை அது இல்ல. நாங்க பழுக்க விட்டு இனிப்பு ஏறுன பெறகு தான் அறுப்போம், தின்னற பழத்துக்கு அது தான் வெலை. அந்த நெலமைல புளிப்பு எறங்கியிருக்கும், ரோஸ் வாசம் தூக்கலா இருக்கும். அதுல ஒயின் போட்டா வாசமா, இனிப்பா, பழரசம் பக்கம் சாஞ்சு தான் வரும். அண்ணன் சொல்ற சுருக்கு வேணும்னா முன்னாடியே பறிக்கணும், அப்ப இனிப்பு பத்தாது, ஒயினும் பலம் இல்லாம போயிரும். வேற திராட்சை நட்டு வேற மாதிரி கவாத்து பண்ணா முடியலாம், ஆனா பன்னீருக்கு கைல காசு வர்றப்ப யாரு கொடிய புடுங்குவாங்க. ப்ரீசர்ல போடறதுக்கு எங்க பழத்த தாராளமா வாங்குங்க, கொட்டை இருக்கும், பாத்துக் கடிங்க.

பைபாஸ்_பார்த்தி

சரி நான் ஒத்துக்கறேன் ஸ்ப்ரைட் வேணாம். ஆனா பாட்டில எப்படித் தெறப்பீங்க? தக்கை இருந்தா எங்கூட்ல கத்திய விட்டு உள்ள தள்ளி, டீ வடிகட்டில வடிச்சோம்.

கூடல்நகர்_காரன்

பார்த்தி நீ ஒரு தனிப் பிறவிய்யா. ஒன்னு திருகு மூடி, இன்னொன்னு தக்கை. இதுக்குன்னு ஒரு திருகாணி வாங்கணுமா?

வடக்குமாசி_வாசு

ஆன்லைன்ல சல்லிசா கெடைக்குது, கை ரெண்டும் மேல தூக்குற மாதிரி இருக்கும் பாருங்க அந்த மாடல் வாங்குங்க, பழக்கம் இல்லாதவங்களுக்கு அது தான் சுளுவு. நட்ட நடுவுல செங்குத்தா எறக்கணும், சாஞ்சா தக்கை பொடிஞ்சிரும். திருகு மூடி பாட்டில கடைசிக்கு வச்சுக்கங்க, மிஞ்சுனா அதே மூடியப் போட்டு ப்ரிட்ஜ்ல நிக்க வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுக்கு மேலன்னா சமையலுக்கு.

சொக்கிகுளம்_அக்கா

மிஞ்சுனத எறால் வதக்கறப்ப ஒரு கரண்டி ஊத்துங்க, பூண்டும் வெண்ணெயும் போட்டு. நெத்திலிக்கு மாவு பிசையறப்பவே உப்பு பாத்துக்கங்க தம்பி, பொரிச்சதுக்கு அப்புறம் தூவுற உப்பும் சேந்தா கூடிப் போயிரும். வண்டில வர்றவங்களுக்கு ஊத்தாதீங்க, இல்லைன்னா ராத்திரி அங்கயே படுக்கப் பாய் போட்டுக் குடுங்க.

மீன்கடை_மாட்டுத்தாவணி

நண்டு ஆம்லெட்டுக்கு நீலக்கால் நண்டு வாங்கிக்கங்க, கைல எடுத்தா கனமா இருக்கணும், லேசா இருந்தா உள்ள சதை இருக்காது. நெத்திலி வேணும்னா சனிக்கிழமை ராத்திரியே கடைக்குச் சொல்லி வச்சுருங்க. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி வந்துரும், ஏழு மணிக்கு மேல ஆடி அசைஞ்சு வந்தா தடைக்காலத்துல காரப்பொடி மீன் தான் மிஞ்சியிருக்கும்.

கூடல்நகர்_காரன்

காரப்பொடியும் பொரிச்சா செட்டாகுமா?

கப்பல்_சமையல்

ஆகும். தலைய எடுத்துட்டு முள்ளோட மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் விடுங்க.